ஷிப்மென்ட் தொண்டை

1

போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை, மகளைப் பள்ளியில் விட்டுவிட்டு வந்து கம்ப்யூட்டரைத் திறந்தால் பல்கலைக்கழகத்திலிருந்து ஒரு மின்னஞ்சல். என் அண்ணனின் குரலை அழித்துவிட்டு, அழித்தாயிற்று என்று கையெழுத்துப் போட்டு அனுப்ப வேண்டுமாம்.

அப்படி எழுதவில்லைதான். இந்த ஊரில் யார் எதை எழுதினாலும் நாகரிகமாகத்தான் எழுதுவார்கள். தேர்வு முடிவுகள் உறுதியாகிவிட்டன, பாராட்டுகள், ஆய்வுக்காகச் செய்த ஒலிப்பதிவுகளை நெறிமுறைப்படி நீக்கிவிடவும் என்று இருந்தது. உடல்நல உளவியலில் முதுகலைப் பட்டம் வாங்கிவிட்டேன் என்பதே அந்தக் கடிதத்தில்தான் உறுதியாகத் தெரிந்தது. சந்தோஷப்படலாம் என்று பார்த்தால் அடுத்த வரியே அழிக்கச் சொல்கிறது.

அண்ணன் நன்றாக இருக்கிறார், முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சாப்பிடுகிறார், நடக்கிறார், கம்பெனிக்குப் போகிறார். குரல் மட்டும் இல்லை. அது இருந்த ஒரே இடம் என் சமையலறை அலமாரியில் கிடந்த கைக்கடக்கமான ரெக்கார்டர். அவருடைய கல்யாண வீடியோவில்கூடத் தேடிப் பார்த்தாயிற்று. நாதஸ்வரமும் சினிமாப் பாட்டும்தான் கேட்கின்றன. வீடியோக்காரன் ஒரு வார்த்தையாவது விட்டு வைத்திருக்கக் கூடாதா?

2

கல்யாணமாகி இங்கிலாந்தின் வடக்கே இருக்கும் இந்த ஊருக்கு வந்து ஒன்பது வருஷம் ஆகிறது. வீட்டுக்காரருக்கு சாஃப்ட்வேர் வேலை. வந்த புதிதில் எனக்குத் தூக்கமே வரவில்லை. குளிர்தான் காரணம் என்று அவர் இன்னொரு கம்பளி வாங்கிக்கொண்டு வந்தார். குளிரில்லை, சத்தம் இல்லாததுதான் காரணம். திருப்பூரை ஒட்டிய நெருப்பெரிச்சலில் எங்கள் வீட்டுச் சுவருக்கு அந்தப் பக்கம் அண்ணனின் பனியன் கம்பெனி. நிட்டிங் மெஷின்கள் ராப்பகலாக ஓடும். அந்தச் சத்தத்தில் படித்தேன், அந்தச் சத்தத்தில் சாப்பிட்டேன், அந்தச் சத்தத்தில் தூங்கினேன். கரண்ட் போய் மெஷின் நின்றால்தான் எனக்கு விழிப்பு வரும்.

இங்கே எங்கள் தெருவில் காரைக்கூடச் சத்தம் வராமல் பதனமாகத்தான் நிறுத்துவார்கள். பக்கத்து வீட்டில் குழந்தை பிறந்தது கார்டு வந்த பிறகுதான் எனக்குத் தெரிந்தது. அழுகைச் சத்தம் வரவேண்டாமா? சுவரில் காதை வைத்துப் பார்த்துவிட்டு நானே வெட்கப்பட்டுக்கொண்டேன்.

அண்ணன் என்னைவிடப் பத்து வயது மூத்தவர். குண்டடத்துப் பக்கம் இருந்த எங்கள் காட்டில் கிணறு வறண்டு, அப்பாவும் போய்ச் சேர்ந்த பிறகு, திருப்பூருக்கு வந்து தொழிலைக் கற்றுக்கொண்டு சொந்தக் கம்பெனி வைத்தவர். என்னைக் கோயமுத்தூரில் சைக்காலஜி படிக்க வைத்தார். "பொட்டப்புள்ளைக்கு எதுக்குங்க பைத்தியக்காரப் படிப்பு?" என்று கேட்ட சொந்தக்காரர்களிடம், "நம்ம குடும்பத்துக்குத் தேவைப்படுமுங்க" என்று சொல்லி வாயை அடைத்தார்.

அவர் குரல் பெரிய குரல். ஓவர்லாக் மெஷின் ஒரு பக்கம், நிட்டிங் ஒரு பக்கம் ஓடிக்கொண்டிருக்க, நடுவில் நின்று "ஏனுங்க, அந்த லாட்டு செக்கிங் போச்சுங்களா?" என்று கேட்டால் கடைசி டேபிள் வரை கேட்கும். அதட்டும்போதும் மரியாதை போகாது. ஞாயிற்றுக்கிழமை மதியம் இங்கே சாப்பாடு முடிந்தால் அங்கே சாயங்காலம். ஃபோன் கார்டைச் சுரண்டி, நீளமான எண்ணை அழுத்திக் காத்திருப்பேன். ரிசீவரைக் காதிலிருந்து கொஞ்சம் தள்ளித்தான் பிடிப்பேன். அவ்வளவு தூரத்துக்குக் கத்தினால்தான் கேட்கும் என்று அண்ணனுக்கு நினைப்பு. பேசி முடித்து வைத்த பிறகும் கொஞ்ச நேரம் வீடு நிறைந்திருக்கும்.

மகள் யாழினிக்கும் ஃபோனைக் கொடுப்பேன். "ஹாய் மாமா" என்பாள். அவர் இரண்டு வார்த்தை கேட்பார். அவள் நெற்றியைச் சுருக்கிக்கொண்டு, ரிசீவரைக் காதோடு அழுத்தி, ஒவ்வொரு சொல்லையும் வாய்க்குள் சொல்லிப் பார்த்து, ஒருவழியாக "ம்" என்பாள். அப்புறம் ஃபோனை என் கையில் திணித்துவிட்டு ஓடிவிடுவாள். எனக்குப் பொத்துக்கொண்டு வரும். ஆறு வயதுப் பிள்ளைக்குத் தாய்மாமன் பேசுவது புரியவில்லை என்றால் தப்பு யார் மேல் என்று வீட்டுக்காரரிடம் சண்டை போடுவேன். அவர் சாமர்த்தியமாகப் பாத்திரம் கழுவப் போய்விடுவார்.

3

யாழினி பள்ளிக்கூடம் போக ஆரம்பித்ததும் மேற்கொண்டு படிக்கலாம் என்று தோன்றியது. முதலில் அண்ணனிடம்தான் சொன்னேன்.

"அதென்ன படிப்பு கண்ணு? டாக்டருக்கா?"

"இல்லீங்கண்ணா. சீக்கு வந்தா மனுசன் மனசு அதை எப்படி எடுத்துக்குதுன்னு படிக்கறது. மாத்திரை குடுத்தா ஏன் திங்க மாட்டேங்கறாங்க, வலின்னு தெரிஞ்சும் ஏன் ஆஸ்பத்திரிக்குப் போக மாட்டேங்கறாங்க, அதெல்லாம்."

அந்தப் பக்கம் ஒரே சிரிப்பு. "அதுக்கு எதுக்கு கண்ணு காலேஜு? நம்ம கம்பெனிக்கு வந்து நில்லு. ஒட்டுக்கா அத்தனை பேரும் அப்படித்தான் இருக்கறோம்."

முதல் வருஷத்தில் நேர்காணல் செய்யப் பழக வேண்டும் என்று ஒரு வேலை கொடுத்தார்கள். ஒரே ஆளிடம் சில மாத இடைவெளியில் இரண்டு தடவை பேச வேண்டும். உடம்பைப் பற்றியும் வேலையைப் பற்றியும் கேட்டுப் பதிவு செய்து, ஒரு சொல் விடாமல் எழுத வேண்டும். பயிற்சிதான் என்பதால் தெரிந்தவர்களிடம் பேசலாம் என்றார்கள். எனக்கு அண்ணனை விட்டால் வேறு யார்?

ஆனால் அண்ணனிடம் பேசவும் நெறிமுறைக் குழுவின் அனுமதி வேண்டும். பங்கேற்பாளருக்கு எந்த நேரத்திலும் விலகிக்கொள்ளும் உரிமை உண்டு என்று அவருக்குப் புரியும்படி சொல்லிக் கையெழுத்து வாங்க வேண்டும். சொன்னேன்.

"யாருகிட்ட இருந்து விலகறது?"

"என்கிட்ட இருந்துங்கண்ணா."

"அதெல்லாம் ஆகற காரியமா?" என்றார். கையெழுத்துப் போட்டுக் கூரியரில் அனுப்பினார். உண்மைப் பெயரை எழுதக் கூடாது, மாற்றுப் பெயர் வைக்க வேண்டும் என்றதும் குஷியாகிவிட்டார். "அப்ப நல்ல எடுப்பான பேரா வெய்யி" என்றார். அவரை மகாராஜன் ஆக்கினேன். என் ஆசிரியை ஹெலன் அந்தப் பெயரைச் சொல்லப் பட்ட பாடு இருக்கிறதே!

4

முதல் பேச்சு தீபாவளி நோம்பிக்கு முன்னால், ஃபோனை ஸ்பீக்கரில் போட்டுப் பக்கத்தில் ரெக்கார்டரை வைத்து நடந்தது. பெரிய ஆர்டர் ஓடிக்கொண்டிருந்த நேரம். அண்ணனுக்குத் தொண்டை கட்டியிருந்தது. கேட்டேன்.

"ஷிப்மென்ட் தொண்டை கண்ணு" என்றார். "நம்மூர்ல தொண்ட கட்டுச்சுன்னா கம்பெனி ஓடுதுன்னு அர்த்தம். மொதலாளி தொண்ட நல்லா கணீர்னு இருந்தா ஆர்டரு இல்லீன்னு அர்த்தம்." பின்னால் மெஷின் சத்தத்துக்கு நடுவே ஒரு பெண் குரல், "மொதலாளி பேசுனா இப்ப எங்களுக்கே கேக்க மாட்டேங்கு!" என்று சிரிக்கிறது. செக்கிங் பகுதியில் இருக்கும் திருநெல்வேலிக்காரம்மா. பதிவில் அதுவும் இருக்கிறது.

திருப்பூர்க்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ஷிப்மென்ட், அதாவது சரக்கைக் கப்பலுக்கு அனுப்பும் நாள், நெருங்கினால் அங்கே வேறு எந்தக் காலண்டரும் செல்லாது. பெண் பார்க்கப் போவது, பல் பிடுங்குவது, கிரகப்பிரவேசம் எல்லாம் ஷிப்மென்ட் போன பிறகுதான். அந்த நாட்களில் கத்திக் கத்தி முதலாளி, சூப்பர்வைசர் எல்லோருக்கும் தொண்டை கட்டும். சரக்குக் கிளம்பிய பிறகு தானாகத் திறக்கும். கட்டின தொண்டையோடு டீக்கடைக்கு வரும் முதலாளியைப் பார்த்து "நல்லா ஓடுதுங்களாட்ட இருக்குது" என்று விசாரிப்பார்கள். அது ஒரு கௌரவம். நானும் அந்த ஊரில் வளர்ந்தவள்தானே. கம்மிய குரலைக் கேட்டதும் எனக்கும், அப்பாடா, அண்ணனுக்கு ஆர்டர் வந்துவிட்டது என்றுதான் இருந்தது. அதைக் கட்டுரையில் சுவையாக எழுதினேன். ஹெலன் அந்தப் பத்திக்குப் பக்கத்தில் அருமை என்று குறித்திருந்தாள்.

பொங்கல் கழிந்து இரண்டாவது தடவை பேசினோம். அதை எழுத உட்கார்ந்தபோதுதான் ஏதோ சரியில்லை என்று எனக்குப் பட்டது.

பேச்சை எழுத்தாக்குவது ஒரு தனிக் கொடுமை. பத்து விநாடி ஓடவிடு, நிறுத்து, எழுது, மறுபடி பின்னுக்குப் போ. எங்கே மூச்சு வாங்கினார், எங்கே செருமினார், எங்கே நிறுத்தினார் என்று எல்லாவற்றையும் குறிக்க வேண்டும். "ஒரு மாதிரியா இருக்குது" என்று அண்ணன் சொல்வதை ஆங்கிலத்தில் எப்படி எழுதுவது என்று அரை நாள் மண்டையை உடைத்துக்கொண்டேன். எந்த மாதிரி என்று ஹெலன் கேட்டால் நான் எங்கே போவேன்? முதல் பதிவில் எப்படி எழுதியிருந்தேன் என்று பார்ப்பதற்காக அதைப் போட்டுவிட்டு, உடனே இரண்டாவதைப் போட்டேன். நூலகத்தில் ஹெட்ஃபோனோடு உட்கார்ந்திருந்தேன். ஒரே ஆள் மாதிரியே இல்லை. முதல் குரல் கத்தியதால் கட்டின தொண்டை. இரண்டாவதில் குரலுக்குள் வேறு ஏதோ உட்கார்ந்திருந்தது. எழுதியதைப் பார்த்தால் செருமல், இருமல், செருமல் என்று பக்கம் முழுக்க நானே குறித்து வைத்திருக்கிறேன்.

நடுவில் ஒரு ஷிப்மென்ட் போய் அடுத்ததும் போயிருந்தது. தொண்டை மட்டும் திறக்கவே இல்லை. தினமும் கூட இருப்பவர்களுக்கு அது தெரியவில்லை. வாரத்துக்கு ஒரு தடவை கேட்ட எனக்கும் தெரியவில்லை. இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்ட பிறகுதான் உறைத்தது.

5

அந்த வாரம் வகுப்பில் நடந்த பாடம் என்ன தெரியுமா? உடம்பு ஒன்றைச் சொல்வதற்கும் மனிதர் மருத்துவரிடம் போவதற்கும் நடுவில் போகும் காலம். அதில் முக்கால்வாசியும், இது சீக்கா இல்லையா என்று முடிவு செய்வதிலேயே கழிந்துவிடும் என்று ஹெலன் சொல்லிக்கொண்டிருந்தாள். எனக்கு எழுந்து ஓட வேண்டும்போல் இருந்தது.

படித்த வித்தையை எல்லாம் அண்ணன் மேல் இறக்கினேன். முதலில் பயமுறுத்திப் பார்த்தேன்.

"சிகரெட்டு வேற குடிக்கறீங்க. பெரிய சீக்கா இருந்துட்டா என்னங்கண்ணா பண்றது?"

"வாயைக் கழுவு மொதல்ல" என்றார்.

பயமுறுத்தினால் ஆள் விலகிப் போவார், திட்டம் போடச் சொன்னால் நடக்கும் என்று பாடத்தில் இருந்தது. எந்தக் கிழமை, எத்தனை மணிக்கு, யாரோடு போவீர்கள் என்று அவர் வாயாலேயே சொல்ல வைத்தேன். புதன்கிழமை, காலையில் பத்து மணி, மனைவியோடு என்றார். புதன்கிழமை, சரக்கு வாங்கும் பையர் ஆபீஸிலிருந்து இன்ஸ்பெக்‌ஷனுக்கு ஆள் வந்துவிட்டது. திட்டம் அம்போ.

அண்ணன் மனைவியை எங்கள் பக்கம் நங்கை என்போம். நங்கையிடம் கேட்டேன். "நாஞ் சொல்லி அவரு கேட்டுட்டாலும்!" என்றார். "மொளகுப்பால் வெச்சுக் குடுத்தா குடிக்கறாருங்க அம்மிணி. அவ்வளவுதான் என்ற செல்வாக்கு."

அடுத்த ஞாயிறு நான் எதையும் கேட்பதற்கு முன்னால் அவரே, "இந்தக் கோடை ஆர்டரு மட்டும் போயிரட்டும் கண்ணு. உங்க நாட்டுக்குத்தான் வருது. நீயே கடையில பாப்பே" என்றார். எனக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது.

"நீங்க ஒண்ணும் போக வேண்டாம். நானே வர்றேன். படிப்பும் வேண்டாம் ஒரு மண்ணாங்கட்டியும் வேண்டாம். நாளைக்கே ஏறி வந்து உங்களைக் கையைப் புடிச்சுக் கூட்டிட்டுப் போறேன்."

அண்ணன் இருமி முடித்தார்.

"பரிச்சை இருக்குதில்ல?" என்றார்.

"இருந்துட்டுப் போகுது."

"கிறுக்கு மாதிரி பண்ணாதே. ஏழு வருசம் கழிச்சு ஒண்ணு படிக்கறே. இரு. நாளைக்குப் போறேன். சத்தியமாப் போறேன்."

போனார். பேக்கிங் நடந்துகொண்டிருக்கும்போதே, பெட்டிகளை அப்படியே விட்டுவிட்டுப் போனார். நான் ஃபோனை வைத்துவிட்டு வீராப்பாகத் திரும்பினால் வீட்டுக்காரர் கேட்கிறார்: "எதுல ஏறிப் போவீங்க மேடம்? பாஸ்போர்ட்டு விசா நீட்டிக்கறதுக்குப் போயிருக்குது, தெரியுமில்ல?" சத்தியமாக எனக்கு அது நினைவிலேயே இல்லை.

எந்தக் கோட்பாட்டில் இது வரும் என்று பிறகு ஹெலனிடம் கேட்டேன். தன் உடம்புக்காகப் போகாதவர், தங்கை பரீட்சை எழுதட்டும் என்று போகிறார். யோசித்துப் பார்த்துவிட்டு, தெரியவில்லை என்றாள். நல்ல பெண்.

6

புற்றுதான். குரல்வளையை முழுசாக எடுத்துவிட்டால் பிழைத்துக்கொள்வார் என்றார்கள். கழுத்தில் ஒரு துளை போட்டு அதன் வழியாக மூச்சு விட வேண்டும். இதற்கு மேல் தள்ளிப்போட்டிருந்தால் அதுவும் முடியாமல் போயிருக்குமாம்.

கோயமுத்தூர் ஆஸ்பத்திரியில் சேர்வதற்கு முன்தினம் அண்ணனே என்னைக் கூப்பிட்டார். கிசுகிசுப்புக்குக் கொஞ்சம் மேலே இருந்தது குரல். என்னென்னவோ சொல்வார் என்று ரிசீவரைக் காதோடு அழுத்திக்கொண்டு நிற்கிறேன். "கன்டெய்னர் நேத்துத் தூத்துக்குடி போயிருச்சு கண்ணு" என்றார். "வெசனப்படாதே. வெச்சர்றேன்." அவ்வளவுதான்.

பாஸ்போர்ட்டைத் திருப்பிக் கேட்டு விசா அலுவலகத்துக்கு ஃபோன் செய்தால், ஒன்றை அழுத்து, இரண்டை அழுத்து, பாட்டுக் கேள். ஒருவழியாக ஒரு மனிதக் குரல் வந்தது. நோயாளி உங்களைச் சார்ந்து வாழ்பவரா என்று கேட்டது. "இல்லை, நான்தான் அவரைச் சார்ந்தவள்" என்றேன். வாய் தவறிச் சொல்லவில்லை, மனசில் இருந்தது அதுதான். அந்தப் பெண், விண்ணப்பத்தைத் திரும்பப் பெற்றால் பாஸ்போர்ட் கிடைக்கும், ஆனால் நான் போனால் திரும்பி வர முடியாமல் போகலாம் என்றாள். யாழினி பக்கத்தில் உட்கார்ந்து படத்துக்கு வண்ணம் அடித்துக்கொண்டிருந்தாள். நான் போகவில்லை. ஆபரேஷன் நடந்த நேரத்தில் இங்கே சமையலறையில் பூண்டு உரித்துக்கொண்டிருந்தேன். ஒரு கிண்ணம் நிறைய உரித்துவிட்டு, அதை வைத்து என்ன செய்வது என்று தெரியாமல் உட்கார்ந்திருந்தேன்.

அப்புறம் வந்த ஞாயிறுகளில் நங்கைதான் எடுப்பார். "இதோ காதுல வெச்சிருக்கறாருங்க, பேசுங்க" என்பார். நான் பேசுவேன். ஆமாம் என்றால் அண்ணன் ரிசீவரில் விரலால் ஒரு தட்டு, இல்லை என்றால் இரண்டு. யாரையும் பேச விடாமல் பேசுகிறவள் என்று பேர் வாங்கிய எனக்குப் பேச்சே வராது. எதிரே ஆள் குறுக்கிட்டால்தானே பேச்சு வரும்? மழை பெய்கிறது, யாழினிக்குப் பல் விழுந்துவிட்டது என்று சொல்லிவிட்டு, மேற்கொண்டு என்ன என்று சுவரைப் பார்ப்பேன்.

பேச வேறு வழி உண்டு. காற்றை விழுங்கி, ஏப்பம் மாதிரி மேலே கொண்டுவந்து, அதைச் சொல்லாக்கப் பழக வேண்டும். ஆஸ்பத்திரியில் கற்றுக்கொடுத்தார்கள். பல மாதம் பிடிக்கும் என்றார்கள்.

"பழகறாருங்க அம்மிணி, ஆனா எங்க முன்னாடி இல்லீங்க" என்றார் நங்கை. "நிட்டிங் மெஷின் ஓடறப்ப அங்க போயி நின்னுக்கறாரு. யாருக்கும் கேக்கப்படாதாமா. ஊட்டுக்குள்ள வந்தா வாயே தெறக்கறதில்லீங்க."

"எனக்காவது ஒரு வார்த்தை பேசுங்கண்ணா" என்பேன். இரண்டு தட்டு.

அந்த மாதங்களில் அந்த ரெக்கார்டர்தான் எனக்குத் துணை. படிப்புக்காகக் கேட்கிறேன் என்று எனக்கே சொல்லிக்கொண்டு சாதம் வடிக்கும்போதும் துணி மடிக்கும்போதும் ஹெட்ஃபோனை மாட்டிக்கொள்வேன். அவர் சிரிக்கும் இடம் எனக்கு மனப்பாடம். அந்த இடத்தில் மெஷின் சத்தமும் சேர்ந்து கேட்கும். கண்ணை மூடினால் நெருப்பெரிச்சல்தான். கூப்பிட்டால் அம்மா பதில் சொல்வதில்லை என்று யாழினி அப்பாவிடம் ஆங்கிலத்தில் புகார் சொன்னாள்.

7

அப்படி இருக்கும்போதுதான் அந்த மின்னஞ்சல். நேரே ஹெலனிடம் போனேன். விதி விதிதான் என்றாள். பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, "அந்தக் குரல் பல்கலைக்கழகத்துடையதும் இல்லை, உன்னுடையதும் இல்லை. அவர் கேட்டால் அவருக்குக் கொடுக்கலாம். அவரிடம் கேட்டாயா?" என்றாள். எனக்கு அது தோன்றவே இல்லை.

ஞாயிற்றுக்கிழமை சொன்னேன். "அண்ணா, நாம பேசினது என்கிட்ட இருக்குதுங்க. அழிக்கச் சொல்றாங்க. நீங்க வேணும்னு சொன்னா உங்களுக்கே அனுப்பி வெக்கலாமாமா."

தட்டவில்லை. நங்கைதான், "போட்டுக் காட்டச் சொல்லிச் சைகை பண்றாருங்க. ஸ்பீக்கர்ல போட்டிருக்கறேன்" என்றார். ரெக்கார்டரை ரிசீவருக்குப் பக்கத்தில் வைத்து அழுத்தினேன். "ஷிப்மென்ட் தொண்டை கண்ணு" என்று அண்ணன் குரல் என் சமையலறையிலிருந்து கிளம்பி அவர் வீட்டுக்குள் போய்ப் பேசியது. சிரித்தது. முடிந்தது. அங்கே நங்கை விம்முகிற சத்தம் கேட்டது. ஆஸ்பத்திரியில் ஒரு சொட்டுக் கண்ணீர் விடாத மனுஷி.

"இன்னொருக்காப் போடுங்க அம்மிணி."

போட்டேன். நானும் அழுதேன். மூன்றாவது தடவை ஓடிக்கொண்டிருக்கும்போதே ஃபோன் வைக்கப்பட்டுவிட்டது. திரும்பக் கூப்பிட்டேன், எடுக்கவில்லை. எனக்குக் கோபம் வந்தது, பயமும் வந்தது.

இரண்டு நாள் கழித்து நங்கை கூப்பிட்டார். "அவருதானுங்க வெச்சது. எந்திரிச்சு நிட்டிங் பக்கம் போயிட்டாரு. பொழுதோட சோத்துக்கும் வல்லீங்க. நான் போயிக் கூப்புட்டேன். அப்பத்தானுங்க எங்கிட்ட மொத மொதல்ல அந்தப் புதுக் குரல்ல பேசினாரு."

"என்னங்க சொன்னாங்க?"

"'செத்தவனுக்கு அழுவற மாதிரி ரெண்டு பேரும் அழுவறீங்க. நான் இங்கதான இருக்கறேன்'னாருங்க. அதைச் சொல்லி முடிக்கறதுக்குள்ள அவருக்கு வேர்த்துப்போச்சுங்க." மூக்கை உறிஞ்சிக்கொண்டார். "அழிச்சுருங்க அம்மிணி. அது இருந்தா நானும் அதையேதான் போட்டுப் போட்டுக் கேட்டுட்டிருப்பேன். அப்புறம் இந்தக் குரல்ல பேசறதுக்கு அவருக்கு எப்படிங்க மனசு வரும்?"

ஒரு மனிதர் சீக்குக்குப் பிறகு புது உடம்போடு எப்படிப் பழகுகிறார் என்பது எங்கள் பாடத்திட்டத்தில் ஒரு முழு அத்தியாயம். நல்ல மதிப்பெண் வாங்கியிருந்தேன். அது எதுவும் என் மண்டையில் ஏறவில்லை. ஏறியிருந்தால் அந்தக் குரலை அவர் வீட்டுக்குள் போட்டுக் காட்டியிருப்பேனா?

ரெக்கார்டரை எடுத்துச் சாப்பாட்டு மேசையில் வைத்தேன். கடைசியாக ஒரு தடவை கேட்கலாமா என்று கை போனது. கேட்கவில்லை. அழித்தேன். வாய்விட்டு அழுதேன். வீட்டுக்காரர் எதுவும் கேட்காமல் யாழினியைப் பூங்காவுக்குக் கூட்டிக்கொண்டு போனார்.

8

அடுத்த ஞாயிறு வழக்கம்போல எண்ணை அழுத்தினேன். எடுத்தார்கள். "இதோ குடுக்கறனுங்க" என்று நங்கை சொல்வார் என்று காத்திருந்தேன். வந்தது காற்று முட்டுகிற மாதிரி ஒரு சத்தம். கரகரவென்று ஏதோ உடைந்து வந்தது. முதலில் வந்தது "கண்ணு" என்பது மட்டும் தெரிந்தது. அதற்கப்புறம் வந்தது ஒன்றும் புரியவில்லை.

"என்னங்கண்ணா?" என்றேன்.

மறுபடியும் சொன்னார். புரியவில்லை. அந்த ஆள் பேசியதை ஒரு செருமல் விடாமல் எழுதிப் பட்டம் வாங்கியவள் நான், எனக்குப் புரியவில்லை. மூன்றாவது தடவை "என்னங்க?" என்று கேட்டால் ரிசீவரை நங்கையிடம் கொடுத்துவிடுவார், அத்தோடு இந்த ஜென்மத்தில் என்னிடம் பேசமாட்டார் என்று பயமாக இருந்தது. பதில் சொல்லாமல் நின்றேன். அது அதைவிட மோசம்.

பக்கத்தில் பென்சில் சீவிக்கொண்டிருந்த யாழினி என் முகத்தைப் பார்த்துவிட்டு வந்து ரிசீவரை வாங்கினாள். நெற்றியைச் சுருக்கினாள். காதோடு அழுத்திக்கொண்டாள். வாய்க்குள் சொல்லிப் பார்த்தாள். "ம்" என்றாள். பிறகு என்னிடம் திரும்பி, "எப்போ வர்றீங்கன்னு மாமா கேக்குறாங்க" என்றாள்.

"உனக்கு எப்படிடி புரியுது?"

இது என்ன கேள்வி என்பதுபோலப் பார்த்தாள். தமிழை எப்போதுமே இப்படிக் கஷ்டப்பட்டுத்தான் கேட்க வேண்டும், இதில் என்ன வித்தியாசம் என்று ஆங்கிலத்தில் கேட்டாள். அவளுக்குப் பழைய குரலும் ஒன்றுதான், இதுவும் ஒன்றுதான்.

பாஸ்போர்ட் எப்போதோ வந்துவிட்டது. பட்டமும் வாங்கியாயிற்று. "பொங்கலுக்கு வர்றோம்னு சொல்லு" என்றேன். சொன்னாள். அந்தப் பக்கம் அண்ணன் நீளமாக என்னவோ சொன்னார். யாழினி குலுங்கிச் சிரித்தாள். இவளும் ஏதோ சொன்னாள், அவரும் ஏதோ சொன்னார். அவள் ஃபோனைத் தரவே இல்லை. நான் பக்கத்தில் நின்று, "என்னடி சொல்றாரு, என்ன சொல்றாருன்னு சொல்லேன்" என்று அவள் சட்டையைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தேன்.